அம்மா ஓட்டிய கார்

சேலையூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டுக்கு டிவி கேம் வந்தது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கோடை விடுமுறையில். துபாயிலிருந்து வந்த சித்தப்பா கொடுத்தது. எனக்கும் அக்காவுக்கும் அதிலிருந்த கார் ரேஸ் மேல்தான் பைத்தியம். எதிலாவது மோதினால் கார் பல்டி அடிக்கும்; நாங்களும் பாயில் உருண்டு சிரிப்போம். யார் ஜெயித்தது என்பது அடுத்த நிமிஷமே மறந்துபோகும்.

அந்த வருஷம் கிணறு வற்றியதால் தெருவுக்குத் தண்ணீர் லாரி வரத் தொடங்கியது. குடத்தோடு யார் போய் நிற்பது என்று எங்களுக்குள் தினமும் சண்டை. அப்பா ஒரு வழி சொன்னார்.

"கேம்ல யாரு ஜாஸ்தி பாயின்ட் எடுக்கறீங்களோ, அவங்களுக்கு லீவு. இன்னொருத்தி லாரிக்குப் போகணும்."

அதோடு சிரிப்பு நின்றுபோனது. சாலையைப் பார்ப்பதை விட்டு, திரையின் மூலையில் ஏறும் எண்ணையே பார்த்தோம். மோதினால் அழுகை வந்தது. அக்கா ஆடும்போது நான் இருமினால்கூட, "வேணும்னே பண்றா பாருப்பா" என்று கத்துவாள். ஜெயித்த நாளிலும் எனக்குச் சந்தோஷம் இல்லை. அப்பாடா என்றிருக்கும், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அந்தப் பெட்டியைத் தொடவே பிடிக்கவில்லை.

ஒரு மதியம் அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தாள். "எங்கிட்ட குடு, நானும் ஓட்டிப் பாக்கறேன்."

அதுவரை அவள் அதைத் தொட்டதே இல்லை. காரை அவ்வளவு மெதுவாக ஓட்டினாள். மற்ற கார்களெல்லாம் அவளைத் தாண்டிப் பறந்தன.

"வேகமா போம்மா! இப்படிப் போனா பாயின்ட்டே வராது" என்றாள் அக்கா.

"வராட்டி போகுது. கடல் வருது பாருடி."

உண்மைதான். சாலையோரம் நீலமாக ஒரு கடல், கூடவே தென்னை மரங்கள். இத்தனை நாள் ஆடியும் நாங்கள் கவனித்ததில்லை. பார்த்துக்கொண்டே போன அம்மா காரை மணலில் இறக்கி, ஒரு தென்னையில் மோதினாள். கார் குட்டிக்கரணம் போட்டது.

"அய்யோ, மரத்துக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டுவிட்டு அவளே வாய்விட்டுச் சிரித்தாள். அக்காவுக்கும் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு மூவரும் மாறி மாறி வேண்டுமென்றே மரத்தில் மோதினோம்.

சாயங்காலம் அப்பா வந்ததும் நான் சொன்னேன். "அந்த ரூல் வேண்டாம்ப்பா. தண்ணிக்கு ஆளுக்கொரு நாள் போறோம்."

"இன்னைக்கு யாரு ஜெயிச்சா?"

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்குமே தெரியவில்லை.

மறுநாள் என் முறை. லாரி சத்தம் கேட்டுக் குடத்தோடு இறங்கினேன். அக்காவும் இன்னொரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"உனக்கு இன்னைக்கு லீவுடி" என்றேன்.

"சீக்கிரம் புடிச்சா சீக்கிரம் ஆடலாம், நட" என்றாள்.