மாட்டியாச்சா, ஊத்தியாச்சா

எங்கள் வடக்கு டகோட்டாவில் ஓர் ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள, அக்டோபர் மாதம் அவன் வீட்டு ஷெட்டை எட்டிப் பார்த்தால் போதும். தேவாலயத்தில் எந்த வரிசையில் உட்காருகிறான், யாருக்கு ஓட்டுப் போடுகிறான் என்பதெல்லாம் அப்புறம். பனி கொட்டுவதற்குள் வண்டியைத் தயார் செய்துவிட்டானா, இல்லை காப்பிக் கோப்பையும் கையுமாக ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்கிறானா? ரைன்ஹோல்ட் ஹெஃப்னர் அந்த மாதம் ஷெட்டை விட்டு வெளியே வரமாட்டார். சாப்பாடுகூட அங்கேதான், பானெட்டின் மேல் தட்டை வைத்துக்கொண்டு.

வண்டி ஒரு பழைய டீசல் பிக்கப். கோதுமை நன்றாக விளைந்த ஒரு வருஷம் அவரும் மனைவி லியோனாவும் சேர்ந்து போய் வாங்கியது. அப்போது பழுப்பு நிறம். இப்போது எது பெயின்ட், எது துரு என்று அவருக்கே சந்தேகம். அது போடும் கடகட சத்தம் இரண்டு வயல் தாண்டிக் கேட்கும். "நீ கிளம்பினா என் கோழியெல்லாம் ஒளிஞ்சுக்குது ரைனி, முட்டைக்கு நஷ்டஈடு எப்போ குடுக்கப்போறே?" என்பாள் பக்கத்துப் பண்ணை ஆர்டித். வண்டியைத் திட்டினால் அவருக்குக் காது கேட்காது.

அந்த அக்டோபரில் அவர் வழக்கத்தைவிடக் கண்ணும் கருத்துமாக இருந்தார். இரண்டு பேட்டரியையும் கழற்றி, முனைகளில் பூத்திருந்த பச்சையைச் சோடா மாவும் வெந்நீரும் போட்டுத் தேய்த்தார். ஒன்று சரியில்லை என்று தோன்றியதும் இரண்டையுமே மாற்றினார். கெட்டி ஆயிலை வடித்துவிட்டுக் குளிருக்கான மெல்லிய ஆயிலை விட்டார். கூலன்ட் எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று சோதனைக் குழாயில் உறிஞ்சி எடுத்துப் பார்த்தார். இன்ஜினுக்குள் சூடு கொடுக்கும் குளோ பிளக்குகளில் ஒன்று உப்பிப்போய் வர மறுத்தது. இழுத்தால் நுனி உடைந்து உள்ளே விழும், அதோடு கதை முடிந்தது. ஒரு பகல் முழுக்க எண்ணெய் விட்டு, அசைத்து, மறுபடி எண்ணெய் விட்டு, பிரசவம் பார்ப்பதுபோல் வெளியே எடுத்தார். குளிர்காற்று புகாமல் ரேடியேட்டருக்கு முன்னால் அட்டை கட்டினார். பனியில் வழுக்காமலிருக்கப் பின்னால் மணல் மூட்டைகளை அடுக்கினார். இன்ஜின் ஹீட்டரின் ஒயர் முன்பக்கக் கம்பிகளின் வழியாக நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் அதை வீட்டுச் சுவரிலிருக்கும் கரன்ட் பிளக்கில் மாட்டிவிட்டால், விடியும்போது வெளியே எப்பேர்ப்பட்ட குளிராக இருந்தாலும் இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்.

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் லியோனா.

அவள் ஏப்ரலிலிருந்து நகரத்து முதியோர் இல்லத்தில் இருந்தாள். நினைவு ஒவ்வொன்றாகக் கழன்று கொண்டிருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் வீட்டில் வண்டி வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. பானெட்டுக்கு அடியில் இருப்பது அவர் பாடு. வெளியே இருப்பது அவள் பாடு. சாயங்காலம் ஒயரை மாட்டுவது அவள். குளிரில் சீக்கிரம் உறையாத குளிர்கால டீசலுக்குச் சொல்லி அனுப்புவது அவள். டேங்க் நிரப்பும்போதெல்லாம் டீசல் உறையாமலிருக்க வெள்ளைப் பாட்டிலில் இருந்து மருந்தை ஊற்றுவதும் அவள்தான். படுக்கப் போகும்போது அவர் கேட்பார்: "மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு."

"ஊத்தியாச்சா?"

"ஊத்தியாச்சு. தூங்கு."

மற்ற ஊர்களில் புருஷன் பெண்டாட்டி என்னென்னவோ கொஞ்சிக்கொள்வார்களாம். இவர்களுக்கு இதுதான்.

போன ஜனவரியில் ஒருநாள் காலை வண்டி கிளம்பவில்லை. இன்ஜின் பனிக்கட்டியாகக் கிடந்தது. ஒயரைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார். அதன் நுனி சுவரில் இல்லை. துணி காயப்போடும் கொடியில், கிளிப் போட்டு, கோணல்மாணல் இல்லாமல் தொங்கியது. வீட்டுக்குள் போய்க் கத்தினார். "நீதானே காயப்போடச் சொன்னே?" என்றாள் லியோனா, ஏன் திட்டுகிறார் என்று புரியாமல். அதற்குப் பிறகு அவளிடம் அவர் குரலை உயர்த்தவே இல்லை.

இல்லத்துக்குப் போன கொஞ்ச நாளிலேயே அவரை அவளுக்கு அடையாளம் தெரியாமல் போனது. யாரோ கிழவர், தேவாலயத்திலிருந்து நோயாளிகளைப் பார்க்க வருகிறவர் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் வண்டியைத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தெருமுனையில் அந்தக் கடகட சத்தம் கேட்டதும் எழுந்துவிடுவாளாம். "என் கோட்டைக் குடு. ரைனி வந்துட்டான்." அங்கே வேலை பார்க்கும் ரொவேனா என்ற பெண் கோட்டை மாட்டி ஜன்னலருகே உட்கார வைப்பாள்.

குளிர் தொடங்கியதும் அவர் இன்ஜினை அணைக்காமல் ஓடவிட்டு உள்ளே வருவார். இங்கே எல்லாரும் அப்படித்தான், அணைத்துவிட்டு அப்புறம் யார் கெஞ்சுவது. லியோனாவுக்கு அதில் பரம சந்தோஷம். ஜன்னல் வழியாக வண்டியின் புகையைப் பார்த்துக்கொண்டே பேசுவாள்.

"உக்காருங்க. ரொம்ப நேரம் பேச முடியாது, என் புருஷன் வெளியே நிக்கிறான். வண்டியைச் சூடு பண்றான்."

"நல்ல வண்டி மாதிரி இருக்கே."

"வண்டிக்கென்ன. அவன்தான் அதைப் புள்ளையாட்டம் தாங்கறான். என்னை ஒரு நாளும் இப்படித் துடைச்சு வச்சதில்ல."

அவர் சிரிப்பார். தன்னைப் பற்றித் தன்னிடமே அவள் கோள் சொல்வதைக் கேட்க அவ்வளவு தூரம் ஓட்டி வந்தார். அவளுக்குள் அவர் மிச்சமிருந்தது அந்தச் சத்தத்தில் மட்டும்தான். அது நின்றால் அவரும் இல்லை. இது அவருக்குத் தெளிவாகத் தெரியும், அதனால்தான் அந்த அக்டோபரில் அப்படி உழைத்தார்.

ஆர்டித்துக்கு இது புரியாது. புதிதாகச் சத்தமே போடாத கார் ஒன்று வாங்கியிருந்தாள். "ஹைவேயில அந்தத் துருப்பிடிச்ச சனியனோட எங்கியாவது நிக்கப்போறே. எங்கூட வந்து தொலையேன். சீட்டுகூடச் சூடாகும், தெரியுமா?"

"என் சீட்டு சூடாகணும்னு நான் கேக்கலையே" என்றார் ரைன்ஹோல்ட்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். ஷெட்டுக்குப் பக்கத்தில் இரும்புக் கால்களின் மேல் நிற்கும் பெரிய டீசல் தொட்டியில், எளிதில் உறையும் கோடைக்கால டீசல் பாதிக்குமேல் கிடந்தது. அதைத்தான் வண்டியில் நிரப்பினார். வெள்ளைப் பாட்டிலும் வாங்கி வந்தார். வாங்கியதைச் சீட்டுக்குக் கீழே போட்டுவிட்டு மறந்தார். இத்தனை குளிர்காலம் பார்த்த ஆள் எப்படி மறப்பார் என்று கேட்கலாம். ஒயர் கண்முன்னே தொங்கியது, அதனால் மாட்டினார். ஊற்றுவதை அவர் வாழ்நாளில் செய்ததே இல்லை. அவர் செய்ததெல்லாம் கேட்டது மட்டும்தான். இப்போது படுக்கையில் பக்கத்தில் யாருமில்லை, அதனால் கேட்கவுமில்லை.

நவம்பர் மிதமாகவே போனது. டிசம்பரில் கனடாப் பக்கமிருந்து இறங்கியது குளிர். மூச்சை இழுத்தால் மூக்குக்குள் முடி விறைத்தது. அந்த ஞாயிறு ரைன்ஹோல்ட் சாவியைத் திருகியதும் வண்டி ஒரே செல்ஃபில் கிளம்பியது. முந்தைய இரவு மாட்டிய ஒயரின் புண்ணியம். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. லியோனாவுக்குப் பிடித்த, பிளம் பழம் வைத்துச் சுட்ட கூகன் கேக்கில் ஒரு துண்டைத் துணியில் சுற்றி, பக்கத்துச் சீட்டில் வைத்துக்கொண்டார். இன்ஜின்தான் சூடு, பின்னால் டேங்க் விறைத்துக் கிடக்கிறது என்பது அவர் மனசில் தோன்றவே இல்லை.

நகரத்துக்குப் போகும் ஹைவேயில் பாதி தூரம் போயிருப்பார். மேட்டில் ஏறும்போது வண்டி மூச்சு வாங்கியது. இருமியது. நின்றது.

உடனே தெரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டார். இறங்கி, காற்று முகத்தை அறைய, டீசல் ஃபில்டரைக் கழற்றினார். உள்ளே உறைந்த பன்றிக் கொழுப்புபோல் மெழுகு திரண்டிருந்தது. கையிலிருந்த புது ஃபில்டரை மாட்டினார். விரல்கள் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. சீட்டுக்குக் கீழே துழாவி வெள்ளைப் பாட்டிலை எடுத்து டேங்கில் கவிழ்த்தார். டீசல் உறைந்த பிறகு அது வெறும் தண்ணீருக்குச் சமம், இங்கே பள்ளிப்பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். இருந்தாலும் ஊற்றினார்.

பிறகு செல்ஃப் அடித்தார். புது பேட்டரிகள், சுத்தமான முனைகள். பழைய பேட்டரியாக இருந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் செத்திருக்கும், வண்டி பிழைத்திருக்கும். இவை சளைக்கவே இல்லை. டீசல் வராமல் வறண்ட பம்ப் சுற்றிக்கொண்டே இருந்தது. வறண்டு சுற்றினால் பம்ப் முறியும், நிறுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஜன்னலருகே கோட்டைப் போட்டுக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் தெரியும். இன்னும் ஒரு தடவை என்று அடித்தார். பானெட்டுக்கு அடியில் ஏதோ மளுக்கென்று முறிந்தது. கையை எடுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஆர்டித்தின் கார் பக்கத்தில் வந்து நின்றது அவருக்குக் கேட்கவில்லை. கண்ணாடியைத் தட்டினாள்.

"செத்துப்போறதுக்கு வேற இடம் கிடைக்கலையா? இறங்கு!"

"பம்ப் போச்சு ஆர்டித்."

"போனா போகட்டும், மாத்திக்கலாம். மூக்கைப் பாரு, உறைஞ்சு வெள்ளையா இருக்கு. இறங்குன்னா."

"இந்தப் பம்ப் இப்போ எவனும் செய்யறதில்ல. பழைய இரும்புக் கடைக்காரன் போன வருஷமே கையை விரிச்சிட்டான்."

ஆர்டித் கூகன் பொட்டலத்தை எடுத்துத் தன் காரில் வைத்தாள். "எங்கே போகணும், வீட்டுக்கா, லியோனாகிட்டயா?"

"லியோனாகிட்ட."

சீட்டு சூடாகத்தான் இருந்தது. கார் ஓடுவதே தெரியவில்லை. இல்லத்தின் வாசலில் போய் நின்றபோது, உள்ளே யாரும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

ரொவேனா எதிரே வந்தாள். "மிஸ்டர் ஹெஃப்னர், ஏன் இவ்வளவு லேட்? சாப்பாடு ஆனதுலேர்ந்து உக்காந்திருக்காங்க. கோட்டைக் கழட்டவே விடமாட்டேங்கறாங்க."

லியோனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. வாசலில் ஆர்டித்தின் வெள்ளைக் கார் அவள் கண்ணில் பட்டது, ஆனால் அது அவளுக்கு ஒன்றுமில்லை.

ரைன்ஹோல்ட் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கூகனைப் பிரித்துக் கொடுத்தார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், தின்னவில்லை.

"யாரையாவது எதிர்பாக்கறீங்களா?" என்று கேட்டார். வேறு எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ரைனியை. இந்நேரம் வந்திருக்கணும்." அவள் கண்ணாடியில் விரலை வைத்துக் குளிரைப் பார்த்தாள். "டீசல் உறைஞ்சிருக்கும். எங்கியோ நடு ரோட்டுல நிக்கறான், பாவம்."



"நான் ஊத்தலை" என்றாள் லியோனா. "என் வேலை அது. மறந்துட்டேன். முன்னெல்லாம் ராத்திரி கேப்பான். இப்போ கேக்கறதே இல்ல. கேட்டாத்தானே எனக்கு ஞாபகம் வரும்?"

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் முகத்துக்கு எதிரே வந்தார். அதை அவளிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று இத்தனை மாசம் தனக்குத் தோன்றவே இல்லையே. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் கேட்கும் அதே குரலில், அதே வேகத்தில் கேட்டார்.

"மாட்டியாச்சா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். உற்றுப் பார்த்தாள்.

"ஊத்தியாச்சா, லியோனா?"

அவள் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

"அதை என் புருஷன் கேக்கணும்" என்றாள். "நீங்க யாரு கேக்கறதுக்கு?"

ஆர்டித் வாசலில் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தாள். அவர் கிளம்பும்போது லியோனா கூப்பிட்டாள். "அந்த வழியாத்தானே போறீங்க? அவனைப் பாத்தா, நான் கோட்டைப் போட்டுட்டு ரெடியா இருக்கேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்" என்றார்.

அடுத்த ஞாயிறும் ஆர்டித்தின் காரில்தான் போனார். லியோனா கோட்டைப் போட்டுக்கொண்டு ஜன்னலருகே இருந்தாள், அவரிடம் பேசவில்லை. கிறிஸ்துமஸ் கழிந்து அவர் போனபோது கோட்டு அலமாரியில் தொங்கியது. நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். ஜன்னல் பக்கம் குளிருகிறது என்று அவளே சொன்னாளாம்.