உங்காலை பார்

குருநகர் லெனாட்டுக்கு உயரம் ஆறடி ஐந்து அங்குலம். அதை வைத்துக்கொண்டு எங்கள் கோச் தம்பிராசா செய்த அநியாயம் எனக்கு இன்றும் பொறுக்காது. நானும் அதே கூடைப்பந்து அணிதான். பத்து வருடமாக ஒரே பேச்சு: "நெட்டையன் பந்து தட்டக்கூடாது. பிடி, குடு, அவ்வளவுதான்." நெட்டையன் தட்டினால் பந்து இடுப்பளவு எழும்பும், கட்டையன் எவனும் பறித்துவிடுவான் என்பது அவர் நினைப்பு.

லெனாட் எதிர்த்து வாய் திறக்கமாட்டான். அவனுக்கு வேலை ஐஸ் கொம்பனியில். ஐஸ்கட்டி இழுக்கும் நடைவழிக்குக் கூரை தாழ்வு, குனியாவிட்டால் மண்டை உடையும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அந்த ஈரச் சீமெந்தில் குனிந்தபடியே பந்து தட்டுவான். முழங்காலுக்கு மேல் எழும்பாது. "உனக்கென்ன விசரோடா?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

போன ஆவணியில் கொழும்பு நிறுவனமொன்றின் அணி எங்களோடு விளையாட வந்தது. அவர்களுடைய மனேஜர் முதலே சொல்லிவிட்டார்: "உயரமான ஆட்கள் எங்ககிட்ட இருக்காங்க. பந்தைக் கொண்டுபோகத் தெரிஞ்ச உயரமான ஆள்தான் வேணும்." அந்த அணிக்கு எடுபட்டால் நிறுவனத்தில் நிரந்தர வேலை. லெனாட்டுக்கு இருபத்தெட்டு வயது, மனைவி ஜெசிதாவுக்கு ஏழு மாதம். இனியொருமுறை யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

ஒரு புள்ளி பின்னால் நின்றோம். வழக்கமாகப் பந்து கொண்டுபோகும் றொபின் கால் பிரண்டு ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்தான். இன்னும் பதினொரு செக்கன். பந்து லெனாட்டின் கையில்.

"குடடா! குடு!" தம்பிராசா கத்தினார்.

அவன் கொடுக்கவில்லை. குனிந்தான். கொழும்புத் தமிழ்ப் பெடியன் ஒருவன் வலப்பக்கத்தை மறித்து நின்றான். இடப்பக்கம் திறந்து கிடந்தது. அதைக் கண்ட றொபின் கத்தினான்: "உங்காலை பார்! உங்காலை!"

எங்கள் ஊர்ப் பேச்சில் அது 'அந்தப் பக்கம் பார்'. கொழும்பானின் காதில் அது 'உன் காலைப் பார்'. பாவி, குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தான். அதற்குள் லெனாட் அவனைத் தாண்டிப் போய்ப் பந்தைப் போட்டுவிட்டான்.

நாங்கள் துள்ளினோம். மனேஜர் சிரிக்கவேயில்லை.

"எங்க பையன் காலைப் பார்த்தான், நீங்க போனீங்க. இது திறமையில்லை."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஆளை என்னவோ செய்திருப்பேன். லெனாட்டின் முகம் கறுத்துவிட்டது. பிறகு, பத்து வருடம் வாய் திறக்காதவன் திறந்தான்.

"திரும்ப விடுங்கோ, சேர். ஒருத்தரும் கத்தமாட்டினம்."

மனேஜர் தலையாட்டினார். றொபின் துவாயால் தன் வாயைப் பொத்திக்கொண்டான். அதே பெடியன் இந்தமுறை பந்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. லெனாட் குனிந்தான், இன்னும் குனிந்தான். பந்து கணுக்காலடியில் படபடத்தது. பெடியன் எட்டிப் பறித்தான், கையில் ஒன்றும் அகப்படவில்லை. லெனாட் வளையத்தடியில் போய்த்தான் நிமிர்ந்தான்.

"இப்படிக் குனிஞ்சு தட்ட யார் பழக்கினது?" மனேஜர் கேட்டார்.

தம்பிராசா தொண்டையைச் செருமினார். வெட்கம் கெட்ட மனுசன்!

"ஐஸ் கொம்பனிக் கூரை, சேர்," என்றான் லெனாட்.

"முதலாம் தேதி வந்திடுங்க."

லெனாட் போனை எடுத்து, "கிடைச்சுதோ?" என்று கேட்ட ஜெசிதாவுக்கு "ஓம்" என்று மட்டும் சொன்னான். பிறகு அந்த ஆறடி ஐந்து அங்குலமும் நிலத்தில் குந்தியிருந்து அழுதது.