மூன்று பேருக்காக நீட்டிய கை

அக்காவைப் பற்றி எழுத மாமாதான் பொருத்தமானவர். அக்காவோடு இருபத்திரண்டு ஆண்டுகள் குடும்பம் நடத்தியவர். அவரோ, "அவகிட்ட அதிகமா ஏச்சு வாங்கினவன் நீதான்டா, நீயே எழுது" என்று தாளை என் பக்கம் தள்ளிவிட்டார். ஐந்தாம் வகுப்போடு ஓடிப்போய், லாரியிலும் ஓட்டல்களிலும் காலம் தள்ளியவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலாண்டு நினைவுக்கு வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

அக்கா பிறந்தது வடக்குத்து என்ற கிராமத்தில். எங்களுக்கு நிலம் கிடையாது. பிறர் நிலத்தில் நட்டும் அறுத்தும் பிழைத்தோம். பக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் வந்ததும் அப்பா மண் சுமக்கப் போனார். ஒரு நாள் உச்சிப் பொழுதில் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வெயில் என்றார்கள். நாங்களும் நம்பினோம். அக்காவுக்கு அப்போது பதினாறு வயது. எட்டாவது படித்திருந்ததால் ஒரு மருந்தகத்தில் உதவிக்குச் சேர்ந்து, ஊசி போடவும் கட்டுக் கட்டவும் கற்றுக்கொண்டு அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். நான் காப்பாற்றப்பட ஓரிடத்தில் நின்றால்தானே. ஆறு மாதம் இருப்பேன், இரண்டு வருடம் காணாமல் போவேன். திரும்பி வந்தால் எங்கே போனாய் என்று கேட்க மாட்டார். சோறு போடுவார்.

எழுபதுகளின் கடைசியில் வெளியூர் மருத்துவர்கள் சிலர் ரத்த அழுத்தத்தையும் இதய நோயையும் பற்றி ஆராய வந்தார்கள். சுரங்கக் குவார்ட்டர்ஸில் இருந்த திருநெல்வேலி, கோயம்புத்தூர்க் குடும்பங்கள், மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்த கான்ட்ராக்ட் கூலிகள், வடக்குத்து ஜனங்கள் ஆகியோரில் யாருக்கு எவ்வளவு அழுத்தம் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்று அறிவது அவர்கள் நோக்கம். எல்லாப் பக்கமும் பேசிப் பழகத் தெரிந்தவர் என்று அக்காவைத் தற்காலிக வேலைக்கு எடுத்தார்கள்.

அக்கா வீடு வீடாகப் போய், "ஒரு படி உப்பு எத்தினி நாளைக்கு வருது?" என்று கேட்பார். குவார்ட்டர்ஸ் அம்மாக்கள் ஊறுகாய் ஜாடியைச் சொல்ல மறப்பார்கள். வடக்குத்தில் கருவாட்டை யாரும் உப்பில் சேர்ப்பதில்லை. அக்கா விடமாட்டார். அடுப்படி வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவார்.

அந்தச் சமயம் நான் ஊர் திரும்பி, மந்தாரக்குப்பத்தில் அறை எடுத்து, சுரங்கத்தில் கரி கொண்டுபோகும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளும் வேலையில் இருந்தேன். பக்கத்து வீட்டு வீரமுத்து அண்ணனும் அதே வேலை. பதினோரு வருடம் கான்ட்ராக்டில் கிடந்தவருக்கு, பர்மனென்ட் ஆக இன்டர்வியூ வந்திருந்தது. எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பேச்சு கிளம்பியது: அளந்து பிரஷர் என்று எழுதிவிட்டால் லிஸ்டில் பெயரை அடித்துவிடுவார்களாம்.

வீரமுத்து அண்ணன் என்னிடம் வந்தார். "தம்பி, நீ மூங்கிலாட்டம் நெட்டையா கீற. ஒனக்கு ஒரு நோவும் இருக்காது. எனக்குப் பதிலா ஒக்காந்துட்டு வந்துடுப்பா."

"மாட்டிக்கினா?"

"பேரத்தான கேப்பாங்க, மூஞ்சியவா கேப்பாங்க?"

அந்த வாரம் அக்காவுக்குக் குவார்ட்டர்ஸ் பக்கம் வேலை. இங்கே அளந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. முதல் நாள் வீரமுத்துவாகக் கையை நீட்டினேன். அடுத்த இரண்டு நாளும் இன்னும் இரண்டு பேருக்காகப் போனேன், ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் அளந்த மேசையில். உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

அளந்து எழுதிய சீட்டுகளைப் பெரிய நோட்டில் ஏற்றுவது அக்கா. பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், ரத்த அழுத்தம் அளக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் அறை வாசலில் நின்றார்.

"வீரமுத்து அண்ணன் எப்படா இவ்ளோ வளந்தாரு?"

நான் குனிந்து பாயைச் சுருட்டினேன்.

"மூணு பேரு, ஒரே உயரம், ஒரே எடை. இந்த வரிசையில ஒன்ன வுட்டா ஏதுடா இவ்ளோ நெட்டை? எத்தினி பேருக்கு ஒக்காந்த?"

"மூணுதாங்க்கா."

அறைவார் என்று நினைத்தேன். பெட்டியை என் கையில் கொடுத்தார். "நட" என்றார். அளந்த உயரமும் எடையும் காட்டிக்கொடுக்கும் என்பதை நானும் யோசிக்கவில்லை, என்னை அனுப்பியவர்களும் யோசிக்கவில்லை.

மற்ற இருவரும் வீட்டில் இருந்தார்கள். முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினார்கள். இருவர் அழுத்தமும் பயப்படும் அளவில் இல்லை. வீரமுத்து அண்ணன் முதல் ஷிப்ட், இன்னும் வரவில்லை. அவர் மனைவி எங்களை உட்காரச் சொன்னார். "நாலு நாளா மண்டையிடின்னு சொல்லிக்கினு இருந்தாருங்க. நேத்து மூக்குல ரத்தம் கூட வந்துச்சி. வெயிலுக்குத்தான்."

வெயில் என்றதும் அக்கா என்னைப் பார்த்தார். அதன் பிறகு அவர் உட்காரவில்லை. ஷிப்ட் முடிந்து சைக்கிள்கள் ஒவ்வொன்றாக வந்தன. அக்கா ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தார். கடைசியாக அவர் வந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு.

பெட்டியைக் கண்டதும் முகம் மாறியது. "அடுத்த வாரம் இன்டர்வியூம்மா. அதத் தூக்கிக்கினு போயிடு."

"அண்ணே, இந்தச் சீட்டு சுரங்க ஆபீசுக்குப் போவாது. நான் குடுக்க மாட்டேன்."

"என் வேல போவாதுன்னு சத்தியம் பண்ணு."

அக்கா பெட்டியைத் திறந்து பட்டையை எடுத்தார். "அது என் கையில இல்லண்ணே. பண்ண முடியாது" என்றார்.

நானாக இருந்தால் பொய்ச் சத்தியம் செய்திருப்பேன். வீரமுத்து அண்ணன் திரும்பி நடந்தார். அவர் மனைவி ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தார். "பர்மனென்ட்டு ஆயி யாருக்கு? நீ இல்லாம எனக்கு எதுக்குய்யா?" என்று தெருவே பார்க்கக் கத்தினார். அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

பாதரசம் ஏறியது. இருநூறுக்கு மேலும் அக்கா காற்றை அடித்தார். மூன்று முறை அளந்தார். எங்கள் எல்லோர் கண்ணும் அக்கா முகத்தில். அதில் ஒன்றும் தெரியவில்லை. பட்டையை மெதுவாகக் கழற்றிவிட்டு, "குளிக்கக் கூட வேணாம், இப்பவே கெளம்புங்கண்ணே" என்றார். வீரமுத்து அண்ணன் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்டர்வியூ நாள் அதற்குள் போய்விட்டது.

அளந்த மறுநாள் அக்கா மூன்று பொய்ச் சீட்டுகளையும் ஆராய்ச்சியை நடத்திய பெரிய டாக்டரம்மா முன்னால் வைத்தார். என்னையும் நிற்க வைத்தார்.

"உங்க தம்பியா? உங்க வேலையே போகும், தெரியுமா?"

"தெரியுங்க. ஆனா இத இப்படியே வுட்டா, மந்தாரக்குப்பத்துக் கூலிக்காரனுக்குப் பிரஷரே கெடையாதுன்னு எழுதிடுவீங்க. அப்பறம் அந்தப் பக்கம் எவன் மாத்திர கொண்டாருவான்? அந்த வரிசைய மொத்தமா மறுபடி அளக்கணுங்க."

டாக்டரம்மா சீட்டுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார். பிறகு வரிசை முழுவதையும் அக்காவையே அளக்கச் சொன்னார். வேறு யாரும் ஆள் மாறி உட்கார்ந்திருக்கவில்லை. அடுத்த ஆண்டிலிருந்து மாதம் ஒருமுறை அந்தத் தெருவுக்கு மாத்திரை வந்தது.

வீரமுத்து அண்ணன் பர்மனென்ட் ஆகவே இல்லை. இரண்டு வருடம் அக்காவோடு பேசவில்லை. சைக்கிள் கடை வைத்தார். இன்றும் நடத்துகிறார்.

அன்று முதல் நான் எங்கே போய்த் திரும்பினாலும், சோற்றுக்கு முன்னால் அக்கா சொல்வது "கைய நீட்டு" என்பதுதான்.

அக்காவுக்கும் அழுத்தம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தானே அளந்து நோட்டில் எழுதினார். மாத்திரையும் தவறவில்லை. அப்படியும் சென்ற ஆண்டு பக்கவாதம் வந்தது. தந்தி கிடைத்து நான் வந்து சேர்ந்தபோது பேச்சு நின்றிருந்தது. பழக்கத்தில் கையை நீட்டினேன். அவரால் பிடிக்க முடியவில்லை. இரண்டு நாளில் போய்விட்டார். அளந்து என்ன கண்டார் என்று சிலர் கேட்டார்கள். அப்பா போன வயதைவிட ஆறு வருடம் கூடுதலாக இருந்தார் என்பதுதான் எனக்குத் தெரிந்த பதில்.

இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்ட நர்சுகளுக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த குவார்ட்டர்ஸ் குடும்பங்களுக்கும், வடக்குத்து உறவுகளுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். அக்காவின் பாடையைத் தூக்கிய நால்வரில் முன்னால் நின்ற வீரமுத்து அண்ணனுக்குத் தனியாக நன்றி.

பந்தலின் நுழைவில் அக்காவின் தோழிகள் இருவர் அவருடைய அளக்கும் பெட்டியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பந்திக்குப் போகும் முன் அவர்களிடம் கையை நீட்டிவிட்டுப் போங்கள். அவரவர் கையை.