ஹாபேக்கு விழுந்த நாலு மார்க்

அவளுடைய முழுப்பெயர் மொசெட்சனஹாபே. ‘மறுபடியும் பெண்’ என்று அர்த்தம். மூன்று பெண்களுக்குப் பிறகு நாலாவதாக அவள் பிறந்ததும் அப்பாக்காரர் வாயில் வந்த வார்த்தை அப்படியே பெயராக நின்றுவிட்டது. இரண்டு வருஷம் கழித்து ஐந்தாவதும் பெண்ணாகப் போகவே, அவர் அந்தக் குழந்தைக்கு கெலெபோன்யே என்று வைத்தார். ‘பார்த்தாச்சு’ என்று அர்த்தம். அதற்குப் பிறகு அவர் ஆண்பிள்ளைக்கு ஆசைப்பட்டதாகத் தெரியவில்லை.

மறுபடியும் பெண்ணும் பார்த்தாச்சும் ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் சோளக்களி தின்று வளர்ந்தவர்கள். கெலெபோன்யே க்வாய் ஆற்றங்கரையில் கூரைப்புல் அறுத்துக் கட்டுக்கட்டாக விற்றுப் பிழைத்தாள். ஹாபே பத்தொன்பது வயதில் சஃபாரி முகாமில் துணி துவைக்கப் போனாள். ஆறு வருஷம் வெள்ளைப் படுக்கைவிரிப்பு துவைத்துத் துவைத்துக் கை வெளுத்தது. அப்புறம் ஜீப் ஓட்டக் கற்றாள். கைடு பரீட்சையில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறினாள். “பொம்பள ஓட்டுனா சிங்கம் எழுந்து ஓடிரும், வர்ற வெள்ளைக்காரன் எதப் பாப்பான்?” என்று சிரித்த ஆம்பளை கைடுகளெல்லாம் நாளடைவில் அவளிடமே வந்து, “அக்கா, இன்னைக்கு சிறுத்தை எந்தப் பக்கம்?” என்று கேட்கும்படி ஆயிற்று. பதினாலு வருஷம் அந்த முகாமில் கைடாக இருந்தாள். ஒரு பயணிக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

அந்தப் பதினாலாவது வருஷம் ஜூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி இருக்கும். ஆற்றுத் திருப்பத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த கெலெபோன்யேவைக் குட்டியோடு வந்த யானை ஒன்று அடித்துப் போட்டுவிட்டது. கூடப் போயிருந்த பெண்கள் கத்திக்கொண்டு ஊருக்குள் ஓடினார்கள். முகாமுக்குச் செய்தி வந்தபோது ஹாபே ஜீப்புக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தாள். கேனைக் கீழே வைத்துவிட்டு நேரே மேனேஜர் செராமேயின் அறைக்குப் போனாள்.

செராமே தெற்கே லொபாட்சேக்காரன். மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. முகாமுக்கு யாரிடமிருந்தும் ஒரு குறை வந்துவிடக்கூடாது என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பு கிடையாது, அவ்வளவுதான்.

“அய்யோ பாவமே,” என்று எழுந்தான். உடனே சுவரில் தொங்கிய அட்டவணையைப் பார்த்தான். “ஹாபே, பன்னெண்டு மணி ப்ளேன்ல ஆறு பேர் வர்றாங்க. டீப்போ மலேரியால படுத்திருக்கான். சைமன் லீவு. ஓட்ட வேற ஆளே இல்ல. நம்ம பக்கம் அடக்கம் எப்பவும் சனிக்கிழமைதான? வெள்ளி மத்தியானம் அவங்க கெளம்பினதும் நீ போயிரு. நான் தடுக்கவே மாட்டேன்.”

“சார், என் தங்கச்சி சார்.”

“புரியுது. இன்னொண்ணு, அவங்ககிட்ட இதச் சொல்லாத. காசு சேத்து வெச்சு வாழ்க்கையில ஒரு தடவ வர்றவங்க. யானை ஆள அடிச்சிருச்சுன்னு கேட்டா பயந்துருவாங்க. சிரிச்ச முகமா இரு. நாலு நாள்தான்.”

அவள் ஒத்துக்கொண்டாள். ஏன் ஒத்துக்கொண்டோம் என்று பிற்பாடு தன்னையே எத்தனையோ தடவை திட்டியிருக்கிறாள். அந்த நேரத்தில் மூளை மரத்துப் போயிருந்தது. பன்னிரண்டு மணிக்கு விமானம் இறங்கும்போது ஓடுபாதை ஓரத்தில் நின்று கையாட்டினாள்.

வந்த ஆறு பேரில் ஹெட்டி என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருத்தி. சிவந்த மூக்கு, கழுத்தில் தொங்கும் தொலைநோக்கி. பறவைப் பெயரெல்லாம் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். “எனக்கு யானைதான் உயிர். ஆத்துல கூட்டமா எறங்குறத ஒரு தடவ பாத்துட்டா போதும்,” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை விடியற்காலையில் வனத்துறை ஆட்கள் வந்து அந்த யானையைச் சுட்டார்கள். நாலு வெடிச் சத்தம். காப்பி குடித்துக்கொண்டிருந்த பயணிகள் என்ன என்று கேட்க, செராமே முந்திக்கொண்டு, “ரோடு போடறாங்க, பாறைக்கு வெடி வெக்கிறாங்க,” என்றான். அந்த மணற்காட்டில் பாறைக்கு எங்கே போவது? ஹாபே ஜீப் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாயைப் பறிகொடுத்த குட்டியைச் சுற்றி அந்தக் கூட்டம் ஆற்றுத் திருப்பத்தை விட்டு நகரவே இல்லை. காதை விரித்துக்கொண்டு நிழல் ஆடினாலும் பாய்கிற வெறியில் நின்றன. யானையைத் தெரிந்தவன் எவனும் அந்த நிலையில் ஜீப்பைக் கொண்டுபோய் அங்கே நிறுத்த மாட்டான். ஹாபே அந்தப் பக்கமே வண்டியைத் திருப்பவில்லை. மேற்கே மொப்பானி மரக் காட்டுக்குள் கொண்டுபோய்ச் சிறுத்தையையும் காட்டுநாய்களையும் காட்டினாள். வியாழக்கிழமை ஹெட்டி கேட்டாள்.

“பக்கத்து முகாம் ஜீப்புல இருக்கறவங்க நேத்து தூரத்துல யானைக் கூட்டத்தப் பாத்தாங்களாமே. நாம ஏன் போகல?”

“இன்னைக்கு அங்க போக முடியாதும்மா.”

“ஏன்?”

ஹாபே வாயைத் திறந்தாள். செராமே சொன்னது நினைவுக்கு வந்தது. “முடியாது,” என்றாள் மறுபடியும். கொஞ்சம் அழுத்தமாகவே வந்துவிட்டது. ஹெட்டி நோட்டை மூடினாள். பின்னால் யாரோ, “இவங்களுக்கு என்ன ஆச்சு?” என்று முணுமுணுத்ததும் காதில் விழுந்தது.

வெள்ளி மத்தியானம் அவர்களை விமானம் ஏற்றிவிட்டு, உடுப்பைக்கூட மாற்றாமல் ஊருக்கு ஓடினாள். சனிக்கிழமை சூரியன் கிளம்புமுன் கெலெபோன்யேவை மண்ணில் வைத்தார்கள். ஆண்கள் பெரிய இரும்புப் பானைகளில் மாட்டிறைச்சியை வேகவைத்து இடித்தார்கள். பெண்கள் போர்வை போர்த்திக்கொண்டு அம்மாவோடு தரையில் உட்கார்ந்தார்கள். நாலு நாளும் கூட உட்கார்ந்திருக்க வேண்டியவள் நாலாம் நாள் வந்து உட்கார்ந்ததை ஒருவரும் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஹாபேக்கு.

திங்கள்கிழமை முகாமில் எல்லோரையும் சமையல்கட்டுக்குப் பின்னால் கூட்டி, பயணிகள் எழுதிக் கொடுத்துப் போன கருத்துப் பாரங்களைப் படிப்பது வழக்கம். செராமே நின்றுகொண்டு படித்தான்.

“சாப்பாடு, பத்துக்கு ஒம்பதரை. சபாஷ் மொலோகி. கூடாரம் ஒம்பது. கைடு,” ஹாபேயைப் பார்த்தான். “நாலு.”

சமையற்காரன் மொலோகி வெங்காயம் உரிப்பதை நிறுத்தினான்.

“‘நன்றாக விஷயம் தெரிந்த கைடு. ஆனால் வேண்டா வெறுப்பாக நடந்துகொண்டார். யானைகளைக் காட்டச் சொன்னால் காரணம் சொல்லாமல் மறுத்தார். ஒரு தடவைகூட மனம் விட்டுச் சிரிக்கவில்லை. எங்களை ஒரு தொல்லையாக நினைத்ததாகத் தோன்றியது.’ அந்த டீச்சரம்மா எழுதினது.” செராமே தாளை மடித்தான். “ஹாபே, உன் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா மவுன் டவுன்ல இருக்கற ஹெட் ஆபீசுக்கு இந்த மார்க்குதான் போகும். நான் என்ன பதில் சொல்ல? வீட்டு விஷயத்த வேலையில காட்டாம இருந்திருக்கலாம்.”

ஹாபே எழுந்தாள். பதினாலு வருஷத்தில் அவள் குரல் உயர்ந்து அங்கே யாரும் கேட்டதில்லை.

“காரணம் சொல்லாம மறுத்தேனா? சொல்லக்கூடாதுன்னு வாயக் கட்டுனது யாரு?”

“ஹாபே, எல்லாரும் இருக்காங்க...”

“இருக்கட்டும். இருக்கறப்ப தான மார்க்கு படிச்சீங்க? தாயப் பறிகொடுத்த யானைக் கூட்டத்துக்கு நடுவுல நான் ஜீப்ப விட்டிருந்தா ஆறு பேரையும் பொட்டலம் கட்டித்தான் அனுப்பியிருக்கணும். அப்ப எத்தன மார்க்கு குடுத்திருப்பாங்க? என் தங்கச்சி அங்க வெறைச்சுக் கெடக்கறா, நான் இங்க குருவி பேரச் சொல்லிட்டு இருந்தேன். சிரிக்கலையாம்! நீங்க தெனம் நிழல்ல உக்காந்து சாப்பிடுறீங்களே, இந்தக் கூடத்துக் கூரை, அது அவ அறுத்த புல்லு!”

செராமே மடித்த தாளைச் சட்டைப் பையில் செருகினான். மொலோகிதான் மெதுவாக, “மேனேஜர் சார், எனக்குக் குடுத்த ஒம்பதரைய வேணா நீங்களே வெச்சுக்கங்க,” என்றான்.

அன்று மாலை, கருத்துப் பாரத்தின் அடியில் ஹெட்டி எழுதியிருந்த முகவரிக்கு ஹாபே மொலோகியின் போனிலிருந்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். மன்னிப்பும் கேட்கவில்லை, குறையும் சொல்லவில்லை. நடந்ததை எட்டு வரியில் எழுதினாள். செவ்வாய் இன்னது, புதன் அந்த வெடி இன்னது, ஆற்றுத் திருப்பத்துக்கு ஏன் போகவில்லை.

மூன்றாம் நாள் பதில் வந்தது. நீளமான பதில். தெரிந்திருந்தால் அந்த ஜீப்பில் ஏறியே இருக்க மாட்டேன், உங்களை அனுப்பிவிட்டு முகாமிலேயே படுத்துக் கிடந்திருப்போம், என்னை நினைத்தால் எனக்கே கூசுகிறது, தூக்கம் வரவில்லை, மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதுவீர்களா என்று இருந்தது. மொலோகி படித்துக் காட்டி முடித்தான்.

“நல்ல மனுசி மாதிரி தெரியுது, ஹாபே.”

“நல்ல மனுசிதான். தங்கச்சியும் போயி, அவங்களுக்கு ஆறுதலும் நானே சொல்லணுமாக்கும்?” என்றாள். இருந்தாலும் மறுநாள் ஒரு வரி எழுதிப் போட்டாள். ஹெட்டி மேல் இருந்த கோபம் அத்தோடு தீர்ந்தது.

ஹெட்டி சும்மா இருக்கவில்லை. தான் எழுதியதை மாற்றிக் கம்பெனிக்கு எழுதினாள். நாலைப் பத்தாக்கினாள். அந்தத் துக்கத்திலும் எங்கள் உயிரைக் காத்தவர் என்று எழுதினாள். அவளைப் பொறுத்தவரை அது பிராயச்சித்தம்.

ஆகஸ்ட் கடைசியில் மொலோகி கையில் போனை எடுத்துக்கொண்டு ஹாபேயிடம் வந்தான். அவன் முகமே சரியில்லை. “இதப் பாத்துட்டு என்னத் திட்டாத,” என்றான்.

கம்பெனியின் இணையப் பக்கத்தில் முதலில் அவளுடைய படம். மூன்று வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு பயணி எடுத்தது, வாய் நிறையச் சிரிப்பு. கீழே பெரிய எழுத்தில்: ‘தங்கையை இழந்த நாளிலும் புன்னகை மாறாத கைடு. இதுதான் எங்கள் விருந்தோம்பல்.’ அதற்கும் கீழே ஹெட்டி எழுதியதிலிருந்து பொறுக்கிய நாலு வரி. ‘இப்போதே முன்பதிவு செய்யுங்கள்.’

ஹாபே இரண்டு தடவை படித்தாள். மொலோகியிடம் போனைத் திருப்பிக் கொடுத்தாள். நாளைக்குக் காய்கறி லாரி எப்போது கிளம்பும் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காய்கறி லாரியில் ஏறி ஊருக்குப் போய், மூத்த அக்கா செபாபாட்சோவைக் கூட்டிக்கொண்டு மவுனுக்குப் போனாள். செபாபாட்சோ தேவாலயப் பாட்டுக் கூட்டத்தின் தலைவி. குரல் நாலு தெருவுக்குக் கேட்கும். கம்பெனி ஆபீசின் வரவேற்பறையில் அன்றைக்கு வந்திறங்கிய பயணிகள் ஒன்பது பேர் பழரசம் குடித்துக்கொண்டிருந்தார்கள். விளம்பரம் பார்க்கிற அதிகாரி தூமெலோ, சின்ன வயதுப் பெண், ஓடி வந்தாள்.

“ஹாபே அக்கா! வாங்க வாங்க. பாத்தீங்களா? எவ்ளோ பேர் பாத்திருக்காங்க தெரியுமா? நீங்க இப்ப பெரிய ஆளு!”

“அத எடு.”

“எத அக்கா?”

“என் தங்கச்சி சாவ. கடைய விரிச்சு வெச்சிருக்கியே, அத எடு. யாரக் கேட்டுப் போட்ட?”

“உங்களப் பெருமைப்படுத்தித்தான அக்கா...”

“புன்னகை மாறலைன்னு போட்டிருக்க. சிரிக்கலைன்னு நாலு மார்க்கு போட்டு எல்லார் முன்னாடியும் படிச்சது இதே கம்பெனி. அப்ப அது பொய்யா, இது பொய்யா? அவ செத்த அன்னைக்கு வீட்டுக்கு விடாதவங்களுக்கு விருந்தோம்பல்னு வேற பேரு!”

“மேலிடத்துல கேட்டுத்தான் எடுக்க முடியும் அக்கா. ரெண்டு மூணு நாள் ஆகும்.”

செபாபாட்சோ பயணிகளின் நடுவே காலியாகக் கிடந்த சோபாவில் போய் அழுத்தமாக உட்கார்ந்தாள். “கேளு தாயி, நல்லா கேளு. நாங்க இருக்கோம். எங்க வீட்ல அஞ்சு பொண்ணு. ஒண்ணு போயிட்டா. மத்த ரெண்டு பேரும் நாளைக்கு வருவாங்க. எங்கம்மாவும் வருவா. ஏ ஹாபே, இவங்களுக்கு இங்கிலீசுல நடந்ததச் சொல்லு. தெரியாம ஏறப் போறாங்க பாவம்.”

ஹாபே பயணிகள் பக்கம் திரும்பினாள். பதினாலு வருஷம் காட்டைப் பற்றிச் சொல்லிப் பழகிய வாய். தடங்கலே இல்லாமல், தங்கையின் பெயரில் தொடங்கினாள். ஒருவர் பழரசத்தைக் கீழே வைத்தார். கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து மேலிடமே எழுந்து வந்துவிட்டது. அரை மணி நேரத்தில் படம் போயிற்று, எழுத்தும் போயிற்று. தூமெலோ போனை நீட்டிக் காட்டினாள். அக்காவும் தங்கையும் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே எழுந்தார்கள்.

மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. ‘தவறான புரிதலுக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு கடிதம் மட்டும் வந்தது. யாருடைய தவறான புரிதல் என்று அதில் இல்லை. ஹாபே அதை மொலோகியிடம் கொடுத்து, அடுப்புக்கு ஆகும் என்றாள். ஆனால் அந்த வருஷம் முதல், வீட்டில் சாவு விழுந்தவர்கள் ஜீப் எடுக்க வேண்டாம், அடக்கம் முடிகிறவரை சம்பளத்தோடு விடுப்பு என்று ஒரு விதி எழுதி ஒட்டினார்கள். அது தங்கள் பெருந்தன்மை என்பதுபோல இணையத்தில் போட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்களாம். தூமெலோதான் சொன்னாள்.

சீசன் முடிந்ததும் ஹாபே வேலையை விட்டாள். இப்போது ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் கூடாரத் திடலில் கைடாக இருக்கிறாள். அங்கேயும் கருத்துப் பாரம் உண்டு. மார்க் குறைந்தால் தானே அந்தப் பயணியிடம் போய், என்ன குறை என்று கேட்டுவிடுகிறாள்.

செராமேயை மவுன் கடைத்தெருவில் எப்போதாவது பார்ப்பாள். அவன் நின்று தலை குனிந்து வணக்கம் சொல்வான். அந்த ஊரில் முன்பின் தெரியாதவன் வணக்கம் சொன்னால்கூடப் பதில் சொல்லாமல் நகரமாட்டார்கள். ஹாபே அவன் முகத்தை நேராகப் பார்ப்பாள், வாயைத் திறக்க மாட்டாள், தன் வழியே போய்விடுவாள்.