சேற்றுக்கு அடியில் இருந்த தடம்

சேற்றிலிருந்து அம்மா உருவிய கடப்பாரையின் நுனியில் கறுத்த மரச்செதில் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன், ஊறிய புளியங்கொட்டை வாடை அடித்தது.

நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே, சதுப்பு வயலுக்கு அக்கரையில் எங்களுடையதையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு வீடுகள். வயலின் நடுவே முழங்கால் சேற்றில் நடந்துதான் நாங்கள் பள்ளிக்கூடம் போவோம். அதைத் "தடம்" என்போம். நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது வயலைப் புதிதாக வாங்கியவர் கம்பிவேலி போட்டு, அங்கே எந்தக் காலத்திலும் தடம் இருந்ததில்லை என்றுவிட்டார். வில்லேஜ் ஆபீசிலோ "ரேகை" என்று மலையாளத்தில் ஆவணம் கேட்டார்கள். எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

நாற்று நடும்போது ஒரே வரிசையில் மட்டும் கால் புதையாமல் நிற்பது அம்மாவுக்குத் தெரியும். அந்தக் கோடையில் பெண்கள் நால்வரோடு வேலியைத் தூக்கி உள்ளே நுழைந்து, கடப்பாரையைக் குத்திக் குத்திப் பார்த்து, 'டங்' என்று சத்தம் வந்த இடத்தில் தோண்டினார். முழங்காலளவு ஆழத்தில் மரத்தடிகள் குறுக்கே நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. மேலே கல் பாவி, கல்லில் வண்டிச்சக்கரம் தேய்த்த இரண்டு பள்ளங்கள்.

வயல்காரர் ஓடிவந்தார். "ஏனுங்க, என்ற வயல எதுக்குத் தோண்டறீங்க?"

"உங்க வயலத் தோண்டலீங்க. எங்க தடத்து மேல கெடக்கற சேத்த வழிக்கறமுங்க," என்றார் அம்மா, நிமிராமலே.

வயல்காரர் குழிக்குள் இறங்கி, சக்கரப் பள்ளத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டுக் கரையேறிப் போனார். ஆனால் வேலியை எடுக்கவில்லை. அம்மா விடவில்லை, மனுமேல் மனுவாக என்னையே எழுதவைத்து, வாசிக்கச் சொல்லிக் கேட்டு, தொல்லியல் அதிகாரி ஒருவரை வரவழைத்தார். இரண்டு நாள் அளந்தவர், "காலம் சொல்ல சோதனை செய்யணும். ஆனா இது வண்டிப்பாதைதான், சந்தேகமே இல்ல," என்று எழுதிக் கொடுத்தார். அதை வில்லேஜ் ஆபீசில் கொடுத்தபின், மழை பிடிக்கும் முன் வேலி போயிற்று.

இன்று அந்தத் தடத்தின்மேல் தார்ச்சாலை. வெளியே எடுத்த தடிகள் காற்றுப் பட்டு வெடித்து, சில மாதங்களில் பொடியாகிவிட்டன. சதுப்பும் இல்லை, மண் கொட்டி வீட்டுமனை ஆக்கிவிட்டார்கள். அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. பின்னால் கார்கள் ஹாரன் அடித்தாலும் சாலையின் நடுவில்தான் நடக்கிறார். ஓரமாக வரச் சொன்னால், "அடிக்கட்டும். சுத்திக்கிட்டுப் போவட்டும்," என்கிறார்.