ஏழாம் கட்டில் சார்ட்

நம்பாதவர்கள் போகட்டும். இது பேச்சியம்மாளுக்கு மேற்கு மாம்பலத்தில், பட்டப்பகலில் நடந்தது. பொய் சொல்ல அவளுக்கென்ன வேண்டுதலா?

அந்த முதியோர் இல்லத்தில் பதினெட்டுப் பேர். பார்த்துக்கொள்ள மூன்று ஆயாக்கள் வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது இவள் ஒருத்திதான். "சமாளிச்சுக்கோ" என்று போனை வைத்துவிட்டார் மேனேஜர் ராம்குமார். போனில் சமாளிக்க யாருக்குத்தான் தெரியாது!

ஏழாம் கட்டிலில் பஞ்சாட்சரம். தானாகப் புரள முடியாதவர். முதுகில் படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்றிருந்தார் டாக்டர். "நான் பாத்துக்கறேன்" என்று மகள் கீர்த்தியிடம் வாக்குக் கொடுத்தவள் பேச்சியம்மாள்.

ஆள் இல்லாத நாளில் அங்கே ஒரு வழக்கம். 'இடது', 'வலது' என்று மறுநாள் காலைவரைக்கும் சார்ட்டில் முன்கூட்டியே டிக் அடித்துவிடுவார்கள். அவளும் அடித்தாள். தப்புதான். பதினெட்டு வாய்க்கு இரண்டு கைதானே?

மதியம் 2.00. பக்கத்து அறையில் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா... திருப்பி விடேன்..."

"இரு நைனா, வரேன்!"

எட்டிப் பார்த்தாள். அவர் இடது பக்கம் ஒருக்களித்துக் கிடந்தார். சார்ட்டில் இருந்தபடியே. யார் திருப்பியது? கேட்க ஆள் இல்லை. ஒரு வேலை மிச்சம் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

4.00. அதே குரல். எட்டிப் பார்த்தால்... வலது பக்கம்.

6.00. குரல் வரவில்லை. கட்டில் மட்டும் கிரீச்... என்றது.

ஓடினாள்.

இடது பக்கம்.

தொட்டாள். ஜில்லென்று... விறைத்து...

"காலையிலயே போயிட்டார்மா. பதினோரு மணிக்கு முன்னாடி" என்றார் டாக்டர். எட்டு மணிக்குக் கஞ்சி கொடுத்ததோடு சரி, அப்புறம் அவர் பக்கத்தில் அவள் போகவேயில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

உடலை மந்தைவெளி வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். ஐஸ் பெட்டியில் நேராகக் கிடத்தி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள்.

இரவு 8.05. கீர்த்தியின் போன்.

"அக்கா... அப்பா பெட்டிக்குள்ள... வலது பக்கமா திரும்பிப் படுத்திருக்கார்..."

பேச்சியம்மாள் சார்ட்டை எடுத்தாள். எட்டு மணி, வலது. அதற்குக் கீழே இன்னும் ஐந்து டிக்.

"எப்ப எடுக்கறீங்க?"

"அண்ணன் வரணும்க்கா. காலைல ஏழு மணிக்குத்தான்."