மயில்கழுத்துத் திரை

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டைப் பார்த்தவர் எல்லா வீட்டையும் பார்த்த மாதிரிதான். இரண்டு அறை, ஒரு சமையலறை, பி.டபிள்யூ.டி. ஆட்கள் அடித்துவிட்டுப் போன வெளிர்மஞ்சள் சுண்ணாம்பு, கூடத்தில் இரும்பு பீரோ, அதன் தலையில் ஊருக்குப் போகும்போது மட்டும் இறங்கும் டிரங்குப் பெட்டி. 1979இல் லீலாவதி வீட்டுக்கு முதல் தடவை போனவர்கள் மட்டும் வாசலில் ஒரு நிமிஷம் நின்று, கதவு நம்பரைச் சரிபார்த்துவிட்டு உள்ளே போவார்கள்.

உட்காருவதற்குத் தேயிலைப் பெட்டிகள், மேலே பழைய கம்பளியை மடித்துத் தைத்த மெத்தை. உடைந்த தையல் மிஷினின் இரும்புக்காலில் யாரோ கழற்றிப் போட்ட கதவுப் பலகையை ஏற்றி, அதைச் சாப்பாட்டு மேஜை என்றாள். பலகையில் தாழ்ப்பாள் இருந்த துளை அப்படியே இருந்தது. அதில் ஊதுபத்தி செருகுவாள். கயிற்றுக் கட்டிலின் கடைந்த கால் விளக்கைத் தாங்கியது. ரோட்டோரத்தில் குவித்து விற்கும் குர்ஜா பீங்கான் ஜாடிகளில் மூளி விழுந்ததாகப் பார்த்துப் பொறுக்கி வருவாள். மற்றவர்களாக இருந்தால் மூளியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார்கள். லீலாவதி அந்த இடத்தில்தான் மணிபிளான்ட்டை இறக்கிவிடுவாள்.

காசில்லாததால் வந்த பழக்கம் என்று சொன்னால் அது பாதி உண்மை. ஏரலில் பிறந்து, கல்யாணமாகி, கரோல் பாக்கில் மொட்டைமாடி அறையில் ஏழு வருஷம் குடித்தனம் செய்தவளுக்குக் காசின் அருமை தெரியும்தான். ஆனால் கையில் காசு இருந்திருந்தாலும் அவள் கடையில் போய் சோபா வாங்கியிருக்க மாட்டாள். கடைக்காரன் இவளைக் கேட்டா சோபா செய்தான்? ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் முருங்கைக்காய் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனால், இவள் ஜும்மா மசூதிப் பக்கத்தில் பழைய சாமான் விற்கும் கபாடி பஜாருக்கு பஸ் ஏறுவாள்.

கணவர் நல்லசிவம் ஒரு அமைச்சகத்தில் அப்பர் டிவிஷன் கிளார்க். வாய்க்கு வாய் கேலி செய்வார்.

"எல்லார் வீட்டுலயும் கபாடிக்காரன் சாமானை எடுத்துட்டுப் போறான். நம்ம வீட்டுலதான் கொண்டாந்து போடுதான்."

"போடட்டுமே அத்தான். புதுசு வாங்கிப் போட உங்க ஆபீஸ்ல தனியா ஏதும் தாராஹளா?"

அதோடு அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார். ஆபீஸ் என்றால் அவருக்குப் பயம். அவருடைய செக்ஷன் ஆபீசர் ராஜாராமன் எதிர் பிளாக்கில்தான் இருந்தார். வருஷா வருஷம் நல்லசிவத்தைப் பற்றி ரகசிய ரிப்போர்ட் எழுதுகிறவர் அவர். அவருடைய மனைவி காமாக்ஷி மாமி. அந்தத் தெருத் தமிழ்ப் பெண்களுக்கு மாமி வைத்ததுதான் சட்டம். மாதக் கிருத்திகை பஜனையை முறை போட்டு வீட்டுக்கு வீடு நடத்துவதும், முதல் பாட்டை எடுத்துக் கொடுப்பதும் மாமிதான். குரல் நல்ல குரல் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

லீலாவதிக்கு வாய்த்த இன்னொரு ஆள் காந்தாபென். தலையில் எவர்சில்வர் பாத்திரக் கூடை, தோளில் துணி மூட்டை. பழைய துணியை வாங்கிக்கொண்டு புதுப் பாத்திரம் கொடுக்கிற குஜராத்திப் பெண். ஊரெல்லாம் அவள் கூடையைப் பார்க்கும். லீலாவதி மட்டும் மூட்டையை அவிழ்க்கச் சொல்வாள். மூட்டையிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இரண்டு தோசையும் ஒரு செம்பு மோரும் கொடுப்பாள். காந்தாபென் அவளுக்கு 'உல்ட்டா பெஹன்' என்று பெயரே வைத்துவிட்டாள். தலைகீழ் அக்கா!

அந்த வருஷம் கோடையில் காமாக்ஷி மாமி குடும்பத்தோடு ஆபீஸ் கொடுக்கும் எல்.டி.சி. பயணச் சலுகையில் ஊருக்குப் போய் ஒன்றரை மாதம் கழித்து வந்தார். துளசிக்குத் தண்ணீர் ஊற்றி, வாரம் ஒரு முறை வீட்டைப் பெருக்கச் சொல்லி வீராயியிடம் சாவி கொடுத்திருந்தார். வீராயி சேலம் பக்கத்திலிருந்து வந்து குடிசை போட்டிருந்தவள். அந்தத் தெருவில் ஆறு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள், அதில் லீலாவதி வீடும் ஒன்று. ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக மாமி பீரோவைத் திறந்தால் தலைதீபாவளிப் பட்டுப்புடவையைக் காணோம். ஒரு சாண் ஜரிகைக் கரை போட்ட காஞ்சிபுரம். சாவி வீராயியிடம் இருந்தது. வேறு யாரைக் கேட்பது? நடுத்தெருவில் நிற்க வைத்துக் கேட்டார். வீராயி துளசி மேலும் பிள்ளைகள் மேலும் சத்தியம் செய்தாள். இரண்டே நாளில் ஆறு வீட்டிலும் அவளை நிறுத்திவிட்டார்கள்.

ஆறாவது வீடு லீலாவதியுடையது. வீராயி திருடியிருப்பாள் என்று லீலாவதி ஒரு கணம்கூட நம்பவில்லை. கதவுப் பலகை மேஜையில் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு எத்தனையோ தடவை வெளியே போயிருக்கிறாள். ஆனால் நல்லசிவம் கையைப் பிசைந்தார்.

"மார்ச் மாசம் அவர்லா ரிப்போர்ட் எழுதணும். நமக்கு எதுக்கு வம்பு? ஊரோட ஒத்துப் போவோம்."

மறுநாள் வீராயி வந்தபோது லீலாவதி கதவைப் பாதி திறந்து, "ஒரு பத்து நாள் போகட்டும் வீராயி. கொஞ்சம் ஆறட்டும். நானே சொல்லி அனுப்புதேன்" என்றாள். பத்து நாள் ஆயிற்று, ஒரு மாதமும் ஆயிற்று. சொல்லி அனுப்பவில்லை.

ஐப்பசிக் கிருத்திகை பஜனை லீலாவதி வீட்டு முறை. கூடத்துச் சுவரில், முருகன் படம் மாட்டும் இடத்தில், மழைக்கு ஓதம் ஏறிப் பெரிய கறை. அதை மறைக்க ஒரு திரை வேண்டும் என்று அவள் தேடிக்கொண்டிருந்தபோது காந்தாபென் மூட்டையில் ஒரு பட்டுத் துணி கிடைத்தது. மயில்கழுத்து நிறம், தண்ணீரில் வெயில் பட்டது போலத் திருப்பத் திருப்ப மாறியது. கரையும் தலைப்பும் இல்லை. ஜரிகை இருந்தால் காந்தாபென் முதலில் அதை வெட்டி உருக்குகிறவர்களிடம் போட்டுவிடுவாள். மிச்ச உடல்தான் மூட்டையில் வரும். அதில் மூன்று பொத்தல்கள், அடுப்புக்கல் மாதிரி முக்கோணமாக. லீலாவதி பொத்தலைச் சுற்றி மஞ்சள் நூலால் மூன்று செவ்வந்திப் பூ போட்டாள், பிறகு ஆசை விடாமல் ஒரு கொடியும் இலைகளும் போட்டாள். மூங்கில் கழியில் கோத்து மாட்டியபோது, அதுவரை வீட்டில் செய்ததிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று அவளுக்கே பெருமையாக இருந்தது.

அது காமாக்ஷி மாமியின் புடவையாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லையா என்று கேட்கலாம். தோன்றவில்லை. மாமி வாய் ஓயாமல் சொன்னது ஜரிகைக் கரையைப் பற்றித்தான். புடவையின் உடல் என்ன நிறம் என்று யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

கிருத்திகையன்று இருபது பெண்கள் கூடத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். எல்லார் முகமும் முருகனைப் பார்த்து, அதாவது திரையைப் பார்த்து. இரண்டாவது பாட்டில் மாமியின் குரல் இறங்கியது. மூன்றாவது பாட்டை வேறு யாரோ எடுத்தார்கள். தீபாராதனை முடிந்ததும் மாமி எழுந்து நேரே போய்த் திரையின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பி, பின்பக்கம் பார்த்தார். பூவின் பின்னால் கருகிய ஓரத்தோடு பொத்தல் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை வைத்தார்.

"என் தலைதீபாவளிக்கு மத்தாப்புப் பொறி பட்டது இது. என் புடவைடி. வீராயி கிட்டேருந்து எப்போ வாங்கினே?"

கூடத்தில் சுண்டல் மென்றுகொண்டிருந்தவர்கள் லீலாவதியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் காந்தாபென் பெயரைச் சொன்னாள். எடுபடவில்லை.

"பாத்திரக்காரிக்குப் பட்டுப்புடவை போடறதுக்கு எனக்கென்ன பைத்தியமா? நன்னாருக்கு கதை. அவ திருடினா, நீ அதுல பூ போட்டிருக்கே!"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இப்போது பழி இரண்டு இடமாயிற்று. இருபது பேரும் தேங்காய் மூடியையும் வெற்றிலையையும் வாங்கிக்கொண்டு செருப்பைத் தேடினார்கள்.

நல்லசிவம் விஷயம் கேட்டு அரண்டுபோனார். "கழட்டிக் குடுத்துரு. எங்க வாங்குனேன்னு ஒண்ணும் பேசாத. தெரியாம வாங்கிட்டேன்னு கால்ல விழுந்துரு."

"தெரியாம வாங்குனேன்னா வீராயி திருடுனான்னு நானும் கையெழுத்துப் போட்டாப்புல ஆயிரும்லா?" என்றாள் லீலாவதி. தன் மேல் பழி விழுந்த பிறகுதான் அவளுக்கு வீராயியின் பெயர் இவ்வளவு சத்தமாக வாயில் வந்தது. அதையும் அவள் கவனிக்காமல் இல்லை.

காந்தாபென் வரும் வரை ஆறு நாள் ஜன்னலடியிலேயே தேயிலைப் பெட்டியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஏழாம் நாள் "பர்த்தன்!" என்று பாத்திரம் கூவும் குரல் கேட்டதுதான் தாமதம், இறங்கி ஓடி, கூடையோடு அவளை எதிர் பிளாக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். மாமி கதவைத் திறந்து இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

காந்தாபென்னுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்த வீட்டையும் தான் கொடுத்த பாத்திரத்தை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருப்பாள். வாசலிலிருந்தே சமையலறை அலமாரியை எட்டிப் பார்த்து, மூடி போட்ட ஒரு தூக்கைக் காட்டினாள். "அதோ, அது நான் கொடுத்தது. நாலு பழைய பேன்ட், ஒரு படுக்கை விரிப்பில் கட்டி, நீங்கள்தானே கொடுத்தீர்கள் பெஹன்ஜி? வீட்டில் போய் உதறினேன், ஒரு பேன்ட் காலுக்குள் புடவை. கொடுத்ததை யாரும் திருப்பிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை" என்று ஹிந்தியில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, இதில் தன் தப்பு என்ன என்பது போல இடுப்பில் கை வைத்து நின்றாள்.

காமாக்ஷி மாமி தூக்கைப் பார்த்தார். பிறகு கட்டிலடியைப் பார்த்தார். ஊருக்குக் கிளம்பும் அன்று, வீடு ஒன்றரை மாதம் பூட்டிக் கிடக்குமே, திருடன் வந்தால் பீரோவைத்தானே உடைப்பான் என்று பயந்து, புடவையை ராஜாராமனின் கந்தல் பேன்ட்டுக்குள் சுருட்டி, விரிப்பில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது அவரேதான். திரும்பி வந்து, அதை அடியோடு மறந்து, கட்டிலடியில் ஏன் இந்தக் குப்பை என்று எடுத்துக் கொடுத்ததும் அவரேதான்.

"ஐயோ, நானேன்னா..." என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு லீலாவதியின் கையைப் பிடித்தார். "லீலா, இதை வெளில சொல்லிண்டு திரியாதேடி. வீராயியை நானே கூப்பிட்டு வேலைக்கு வச்சுக்கறேன்."

மார்ச் மாத ரிப்போர்ட் லீலாவதியின் கண்ணுக்கு முன்னால் நின்றது. "எல்லார் முன்னாலயும் சொன்னத எல்லார் முன்னாலயும்தான் மாமி திருப்பி எடுக்கணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மாமியைப் பற்றி எது சொன்னாலும் இதையும் சொல்ல வேண்டும்: அடுத்த கிருத்திகையன்று முதல் பாட்டுக்கு முன்னால் அவர் எழுந்து நின்று, நாலு வாக்கியத்தில், மென்று முழுங்காமல் சொன்னார். தப்பு தன்னுடையது, வீராயி திருடவில்லை, லீலாவதி வாங்கியது நியாயமாக வாங்கியது, திரை அவள் வீட்டிலேயே தொங்கட்டும். ஆறு வீட்டுக்காரிகளும் உச்சுக் கொட்டி, வீராயியை மறுபடி கூப்பிட வேண்டும் என்றார்கள். யார் போய்ச் சொல்வது என்றபோது லீலாவதி முந்திக்கொண்டாள்.

மறுநாள் விசாரித்துக்கொண்டு போனாள். லோதி ரோடு பக்கம் ஏதோ ஆபீஸ் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. வீராயி அங்கே சித்தாளாகக் கலவை சுமந்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள், முழங்கை வரை சிமென்ட் காய்ந்து வெளுத்திருந்தது. லீலாவதி அவளை மணல் குவியல் பக்கம் நிறுத்தி, திரையையும் பொத்தலையும் காந்தாபென்னையும் மாமி எழுந்து நின்று பேசியதையும், ஒரு வரி விடாமல், கை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். சொல்லி முடித்து வீராயியின் முகம் மலர்வதற்காகக் காத்திருந்தாள்.

"இதச் சொல்லவா இம்மாந்தூரம் வந்தீங்க?" என்றாள் வீராயி. "நான் எடுக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியுமேக்கா."

"உனக்குத் தெரியும் வீராயி, ஊருக்குத் தெரியணும்லா? இப்பம் ஆறு வீட்டுலயும் உன்னய வரச் சொல்லுதாங்க."

"நீங்க என்ன நெனச்சீங்க?"

"நானா? சாமி சத்தியமா, நான் ஒரு நாளும் நம்பல." லீலாவதி நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள்.

வீராயி அவளை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம் இல்லை.

"அவங்க அஞ்சு பேரும் நான் திருடின்னு நம்பி நிறுத்துனாங்க. நீங்க நம்பாமயே நிறுத்துனீங்க."

மேலே சாரத்திலிருந்து மேஸ்திரி "ஜல்தி, ஜல்தி" என்று கத்தினான். வீராயி சும்மாட்டைச் சரியாக வைத்து, கலவைச் சட்டியைத் தானே தூக்கித் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.